பொருள்: குதிரை இறந்தது தொடர்பாக

வைதோரா மாவட்ட கவுன்சிலின் செத்த விலங்கு அகற்றும் வண்டி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை மர்டோ கேர்ன்ஸின் வீட்டு வாசலில் வந்து நின்றது. ரப்பர் பூட்ஸும் ஆரஞ்சு மேலங்கியும் போட்டிருந்த ஓட்டுநர் இறங்கி வந்து, குதிரை எங்கே கிடக்கிறது என்று கேட்டார்.

மர்டோவிடம் குதிரை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கோழிகள் இரண்டு இருந்தன. அவையும் மனைவி நோலீனுடையவை. வீடு மாறி வந்துவிட்டீர்கள் என்றார். ஓட்டுநர் கையிலிருந்த கருவியைப் பார்த்து, வரி வரியாக வாசித்தார்.

"சாம்பல் நிறப் பெண் குதிரை. பேரு சாம்பலி. புதைமணல்ல மாட்டி, தண்ணி ஏறிச் செத்துப்போச்சு. பொறுப்பாளர் மர்டோ கேர்ன்ஸ். நீங்கதானே?"

மர்டோவுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு காதுமடல்கள் மெல்லச் சூடாயின. சாம்பலி சாவது நாற்பத்தோராம் அத்தியாயத்தில். அப்படியென்றால் இந்த மாவட்டத்தில் யாரோ ஒரு புண்ணியவான் நாற்பத்தோராம் அத்தியாயம் வரைக்கும் படித்திருக்கிறார்.

ஓட்டுநரை உள்ளே அழைத்து உட்காரவைத்தார். டீயும், நோலீன் அன்று காலை சுட்ட ஸ்கோனும் கொடுத்தார். குதிரை ஒரு நாவலில் வருகிறது, அந்த நாவலை எழுதியவன் நான், அந்த மரணக் காட்சியை மட்டும் ஏழு தடவை திருத்தி எழுதினேன் என்றெல்லாம் விளக்கினார். ஓட்டுநர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு இரண்டாவது ஸ்கோனையும் முடித்தார். அப்படியானால் இங்கே தூக்கிப் போவதற்கு ஒன்றும் இல்லையா என்று மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பினார்.

"உன் புஸ்தகத்துக்கு மொத விமர்சனம் பொணவண்டியில வந்திருக்கு" என்றார் நோலீன், தட்டை எடுத்துக்கொண்டே.

நாவலின் பெயர் 'உப்புக்கோட்டை அரசி'. எழுநூறு வருடத்துக்கு முந்தைய ஸ்காட்லாந்துத் தீவுகள், ஆட்சியை இழந்த ஓர் அரசி, பேசும் பாறைகள், மனிதராக மாறும் கடல்நாய்கள், ஒன்பது பெரும் போர்கள். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பக்கம். பதினாலு வருடம் எழுதி, கைக்காசு போட்டு அச்சடித்தது. அதற்கு முன்னால் மர்டோ ஓட்டுநர் உரிமத் தேர்வாளராக வேலை பார்த்தவர். வைதோராவில் கார் ஓட்டும் பெரும்பாலானோர் ஒருமுறையாவது அவர் கையால் தோற்றவர்கள். இந்த ஊரில் ஒரு நாவல் வெளியிட அவரைவிடத் தகுதியற்ற ஆள் கிடைப்பது கடினம் என்பது அவருக்கே தெரியும். ஆனாலும் வெளியிட்டார்.

அதுவரை வந்த எதிர்வினைகளைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். பிரிஸ்பேனில் இருக்கும் தம்பி, கேரவன் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வசதியாக இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பியிருந்தான். பல் மருத்துவர் அட்டை அருமை என்றார். மேற்கொண்டு கேட்கலாம் என்றால் மர்டோவின் வாய் நிறையக் கருவிகள் இருந்தன. சர்ச்சில் பார்க்கும் நண்பர் ஒருவர் மூன்று வருடமாக "படிச்சிட்டிருக்கேன்" என்று நிகழ்காலத்திலேயே சொல்லிவந்தார். நோலீனிடம் கேட்டதற்கு, "உன்னோட முப்பத்தாறு வருஷம் இருக்கேன் மர்டோ. புஸ்தகத்தையும் படிக்கணுமா?" என்றுவிட்டார்.

ஆகவே, தவறைத் திருத்தும் சாக்கில் மர்டோ மறுநாளே கவுன்சில் அலுவலகத்துக்குப் போனார். உண்மையான நோக்கம் அந்த வாசகர் யார் என்று தெரிந்துகொள்வது. அதற்காக நல்ல சட்டை போட்டுக்கொண்டார்.

புகார் தீர்வு மேலாளரின் பெயர் பெவன் ஸ்டாரட். முகம் மழித்த, மணம் வீசும், எப்போதும் பாதிச் சிரிப்பில் நிற்கும் மனிதர். நடந்தது என்ன என்று அவர் விளக்கினார். நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பித்தர வந்த ஒருவர், குதிரை செத்துப்போனது மனசைப் பிசைந்துவிட்டது என்று மேசையில் இருந்த பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். நூலகமும் கவுன்சிலின் ஒரு பிரிவு. கவுன்சில் ஊழியர் காதில் விழும் எந்த மனக்குறையும் கணினியில் ஏற வேண்டும் என்பது விதி. கணினியில் சாலைப் பள்ளம், சாக்கடை, தெருநாய், இரைச்சல், செத்த விலங்கு என்று ஐந்து வகைதான் உண்டு. அந்தப் பெண் யோசித்து, பொருத்தமானதைத் தேர்ந்திருக்கிறாள்.

புகாரை அழித்துவிடலாமே என்றார் மர்டோ.

பெவனின் பாதிச் சிரிப்பு கால் சிரிப்பாகக் குறைந்தது. "அழிக்கற வசதியே கிடையாது மிஸ்டர் கேர்ன்ஸ். தீர்க்கத்தான் முடியும். போன வருஷம் நூத்துக்குத் தொண்ணூத்தெட்டுப் புகார் தீர்த்தோம். அதுக்காக எங்களுக்கு வெலிங்டன்ல கேடயம் குடுத்தாங்க. மீதி ரெண்டு என்னன்னு யாரும் கேக்கல, ஆனா நான் ராத்திரி அதத்தான் நெனச்சிட்டிருக்கேன். குதிரைய எடுத்துக் காட்டுங்க, இல்ல குறைய சரி பண்ணுங்க. ரெண்டுல ஒண்ணு."

அந்த இடத்தில் மர்டோ எழுந்து வந்திருந்தால் கதை முடிந்திருக்கும். வீட்டுக்குப் போய்ச் சிரித்திருக்கலாம். ஆனால் அவர், இந்த விஷயத்தை முறைப்படி விசாரிப்பதாக இருந்தால் நாவல் பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்பார்களா என்று மெதுவாக விசாரித்தார். கட்டாயம் கேட்போம் என்றார் பெவன். அப்படியானால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார் மர்டோ. வாசகர் யார் என்பது ரகசியம் என்று பெவன் சொன்னதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவர் போனால் என்ன, ஒரு மாவட்டமே வரப்போகிறது.

வந்தது. உள்ளூர்ப் பத்திரிகையில் கால் பக்க அறிவிப்பு வெளியான சில வாரங்களில் அறுபதுக்கும் மேற்பட்ட கருத்துகள் குவிந்தன. பெவன் அவற்றின் பிரதிகளை அனுப்பிவைக்க, மர்டோ இரவு உணவு மேசையில் நோலீனுக்கு உரக்க வாசித்துக் காட்டினார். ஒருவர், இவ்வளவு தடித்த புத்தகத்தில் ஒரு பசுமாடுகூட இல்லாதது பால் விவசாயிகளை அவமதிப்பதாகும் என்று எழுதியிருந்தார். ஓர் அம்மாள் நூலகத் தட்டிலிருந்து புத்தகம் விழுந்து கால் விரல் வீங்கிவிட்டது என்றார். இன்னொருவர், பக்கத்து வீட்டுப் பாப்ளார் மரம் தன் துணிக்கொடிக்கு வரும் வெயிலை மறைக்கிறது என்றார். அது நாவல் பற்றியது இல்லைதான், ஆனால் நடை தெளிவாக இருந்தது. ஏறக்குறைய பாதிப் பேர் மர்டோ தங்களைப் பின்னோக்கி நிறுத்தும் தேர்வில் தோற்கடித்த அநியாயத்தை எழுதியிருந்தார்கள். நாவல் மிக நீளம் என்று சொன்னவர் ஒருவர், தட்டில் இருப்பதைப் பார்த்தே அதைத் தெரிந்துகொண்டதாக நேர்மையுடன் குறிப்பிட்டிருந்தார்.

"தீவிரமான எதிர்வினை" என்றார் மர்டோ. நோலீன் உருளைக்கிழங்கை அவர் பக்கம் நகர்த்தினார்.

அடுத்து நிபுணர்கள் வந்தார்கள். பாதுகாப்புப் பிரிவு, அரசி தலைக்கவசம் இல்லாமல் இருட்டில் சவாரி செய்வதைக் கண்டித்தது. மர்டோவால் இதை மறுக்க முடியவில்லை. முப்பது வருடத் தேர்வாளர் உத்தியோகம் அவருக்குள்ளிருந்து தலையாட்டியது. அலை வரும் திசையை அரசி ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்க வேண்டும் என்று அவரே கூடுதலாக ஒரு குற்றத்தை எடுத்துக் கொடுத்தார்.

சாலைப் பொறியாளர் ஏட்ரியன் என்பவர் ஒல்லியாக, கூச்சமாக இருந்தார். அவர் மர்டோவின் வீட்டுக்கே வந்து, நாவலின் முன்பக்க வரைபடத்தை மேசையில் விரித்து, கோட்டைக்கும் துறைமுகத்துக்கும் நடுவே ஒரு பாலம் போட்டால் குதிரை பிழைத்துக்கொள்ளும் என்றார். பாலத்தை வரைந்தே கொண்டுவந்திருந்தார். இரண்டு வழிப் பாலம், இரு பக்கமும் நடைபாதை, கல் வளைவுகள். இந்த மாவட்டத்தில் சேர்ந்த நாளிலிருந்து வைதோரா ஆற்றின் ஒற்றைவழிப் பாலத்தை அகலப்படுத்த எழுதி எழுதிச் சலித்துவிட்டதாகவும், தன் வாழ்நாளில் கட்டி முடிக்கப்படும் பாலம் இதுவாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார். அவர் கண் லேசாகக் கலங்கியிருந்தது. மர்டோ வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, படம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

விசாரணை நாள் வந்தது. கவுன்சில் மண்டபத்தில் மர்டோவுக்கு என்று தனி நாற்காலி போட்டு, முன்னால் ஒரு பெயர்ப் பலகை வைத்திருந்தார்கள். 'எம். கேர்ன்ஸ், எழுத்தாளர்'. அவரை அப்படி யாரும் எழுதி வைத்ததில்லை. உட்கார்ந்ததும் அதை விரலால் ஒருமுறை நேராக்கினார். பிறகு இன்னொருமுறை. பார்வையாளர் வரிசையில் முப்பது பேர்போல இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் நாவலுக்காக வந்தவர்கள், எத்தனை பேர் அடுத்து வரவிருந்த சாக்கடை விவகாரத்துக்காக வந்தவர்கள் என்று ஆராய அவர் விரும்பவில்லை. ஓரத்து மேசையில் லாமிங்டன் கேக்குகள் இருந்தன.

தலைமை தாங்கியவர் கவுன்சிலர் லோர்னா மக்ஃபெய்ல். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"மொதல்லயே சொல்லிடறேன். இந்தப் புஸ்தகத்த நான் படிக்கல. இங்க இருக்கற கவுன்சிலர்கள் யாருமே படிக்கல. அதனாலதான் இந்த விஷயத்துல எங்களால நடுநிலையா முடிவெடுக்க முடியும். படிச்சா ஒரு அபிப்பிராயம் வந்துடும். அபிப்பிராயம் வந்துட்டா அப்புறம் நியாயம் எங்கேர்ந்து வரும்? குடிதண்ணி விஷயத்துலயும் நாங்க இதே கொள்கையத்தான் கடைப்பிடிக்கறோம். வைதோரா குழாய்த் தண்ணிய நான் பதினோரு வருஷமா வாயில வெச்சதில்ல. அதனாலதான் அதப் பத்தி வர்ற புகார்கள என்னால பாரபட்சம் இல்லாம தள்ளுபடி பண்ண முடியுது."

கைதட்டல் எழுந்தது. பிறகு பெவன் தீர்மானத்தை வாசித்தார். நாற்பத்தோராம் அத்தியாயத்தில் அரசி பாலம் வழியாகச் செல்வாள். தலைக்கவசம் அணிந்திருப்பாள். குதிரை சாம்பலி ஜூலை முதல் தேதியிலிருந்து உயிருடன் இருக்கும். திருத்தம் ஒரு தாளில் அச்சிடப்பட்டு, நூலகத்தின் இரண்டு பிரதிகளிலும் உரிய பக்கத்தின் மேல் ஒட்டப்படும். எழுத்தாளருக்குச் சம்மதமா?

மண்டபமே திரும்பி அவரைப் பார்த்தது. ஏழு தடவை திருத்திய அந்தக் காட்சி மர்டோவின் நினைவுக்கு வராமல் இல்லை. கடைசி நிமிடத்தில் குதிரை தன் மேலிருந்த அரசியை மேட்டில் உதறிவிட்டுத் தண்ணீருக்குள்ளிருந்து திரும்பிப் பார்க்கும் இடம் அது. பதினாலு வருடத்தில் அவர் எழுதியதிலேயே அதுதான் தேறும் என்று அவருக்குள் ஒரு குரல் சொல்லும். ஆனால் அந்தக் குரல் சொல்லும்போது பக்கத்தில் பெயர்ப் பலகை இருந்ததில்லை. இருந்தது இப்போதுதான். சம்மதம் என்று தலையசைத்தார்.

அப்போது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றார். நாற்பதைத் தாண்டியவர், அகன்ற தோள்கள், பால் கம்பெனி டாங்கர் ஓட்டுநர்கள் போடும் நீலச் சட்டை.

"அந்தப் புகார் என்னோடதுதான்னு நெனக்கறேன். ஆனா நான் புகாரே குடுக்கல. அழுதுட்டேன்னுதான் சொன்னேன்."

லோர்னா அவரைக் கையமர்த்தினார். புகார் கொடுத்தவர் யார் என்பது ரகசியம் என்றும், அதை வெளியிட யாருக்கும் அதிகாரம் கிடையாது என்றும், புகார் கொடுத்தவருக்கும்கூட இது பொருந்தும் என்றும் விளக்கினார். உங்கள் அடையாளத்தை உங்களிடமிருந்தே காப்பாற்றத்தான் இந்த விதி என்றார்.  அந்தப் பெண் யாரையும் பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மர்டோ எழுந்தார். கூட்டம் முடியவில்லை என்று பெவன் சொன்னதைக் கவனிக்கவில்லை. கார் நிறுத்தும் இடத்தில், மூன்று கார்களின் இடத்தை அடைத்துக்கொண்டு நின்ற பால் டாங்கரின் படியில் அந்தப் பெண் கால் வைத்திருந்தார்.

மர்டோவுக்கு மூச்சு வாங்கியது. நான்தான் அதை எழுதினவன் என்றார்.

"தெரியும் மாமா. என்னை ரெண்டு தடவ ஃபெயில் பண்ணினீங்க." அவர் சிரித்தார். பெயர் மீரியாமா. பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றும்போது குழாய் மாட்டிவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் படிப்பாராம். நூலகத்தில் இருப்பதிலேயே தடிமனான புத்தகம் கேட்டு, இதைத் தந்தார்களாம்.

எப்படி இருந்தது என்று மர்டோ கேட்டார். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டார்.

"ரொம்ப நீளம் மாமா. சண்டை எல்லாத்தையும் தள்ளிட்டேன். பேசற பாறை வந்தா ரெண்டு பக்கம் தள்ளிடுவேன், அதுக்குப் பேச ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியல." ஒன்பது போர்களும் மர்டோவின் கண்ணெதிரே ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. பாறைகளுக்குத் தன் குரலைத்தான் கொடுத்திருந்தார் என்பதை அவர் சொல்லவில்லை.

மீரியாமா கதவுப் பிடியைப் பிடித்தபடியே இருந்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"போன குளிர்காலத்துல எங்கம்மா போயிட்டாங்க. மராயேல, எங்க குலத்து மண்டபத்துல, மூணு நாள் கெடத்தியிருந்தோம். ஊரே வந்துச்சு. நான் சமையக்கட்டுல நின்னேன். இருநூறு பேருக்கு ஆக்கிப் போட்டு, பாத்திரம் கழுவி, மெத்தை மடிச்சு... எல்லாரும் அழுதாங்க, எனக்கு நேரம் இல்ல. அப்புறம் எடுத்தப்பவும் அழுகை வரல. மாசக்கணக்கா வரல. எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன். அப்புறம் ஒரு நாள் அந்தக் குதிரை தண்ணிக்குள்ளேர்ந்து திரும்பிப் பாத்துச்சு பாருங்க. வண்டிய ஓரங்கட்டி நிறுத்திட்டு அப்படி அழுதேன். பால் லேட்டாப் போச்சுன்னு கம்பெனில திட்டு."

மீரியாமா கதவுப் பிடியை விட்டுவிட்டு அவரை நேராகப் பார்த்தார்.

"இப்ப நீங்க அத எழுப்பி உக்கார வெச்சுட்டீங்கன்னா, நான் அழுதது எந்தக் கணக்குல சேரும் மாமா?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஏறி உட்கார்ந்து, முன்னும் பின்னும் பார்த்து, வண்டியைத் துளிப் பிசகில்லாமல் பின்னால் எடுத்துப் போய்விட்டார்.

மர்டோ மண்டபத்துக்குத் திரும்பியபோது சாக்கடை விவகாரம் தொடங்கியிருந்தது. அவர் நடுவில் போய் நின்றார். உள்ளே வரும் வழியில் ஓர் உரையைத் தயாரித்திருந்தார்: படைப்பின் சுதந்திரம், காலத்தை வெல்லும் கலை, இன்னும் அதுபோல. லோர்னா என்ன வேண்டும் என்று கேட்டதும் அதில் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை. வந்தது அவருடைய பழைய உத்தியோகக் குரல்தான். ஸ்டியரிங்கைப் பிடித்து நடுங்கும் பையன்களிடம் பேசிய குரல்.

"குதிரை செத்துப்போச்சு. முடிவு முடிவுதான். மறுதேர்வு கிடையாது."

பார்வையாளர்களில் பலருக்கு அந்தக் குரல் பழக்கமானது. சிலர் தங்களையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற விதியில் இடம் இல்லை என்றார் லோர்னா. தான் எழுதியதைத் தன்னைக் கேட்காமல் மாற்றவும் எந்தச் சட்டத்திலும் இடம் இல்லை என்றார் மர்டோ; அப்படிச் சட்டம் இருக்கிறதா என்று அவருக்கு உறுதியாகத் தெரியாது, ஆனால் அங்கிருந்த யாருக்கும் தெரியாது. பொறியாளர் ஏட்ரியன் மட்டும் எழுந்து, அப்படியானால் பாலம் என்னாவது என்று ஈனக் குரலில் கேட்டார். மர்டோ அவரைப் பார்க்க முடியாமல், மன்னிக்க வேண்டும் என்றார். பெயர்ப் பலகையை எடுத்துக்கொண்டு போகலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எடுக்கவில்லை. பிறகு ஒரு வாரம் அதற்காக வருந்தினார்.

பெவன் ஸ்டாரட் அசைந்து கொடுக்கவில்லை. தீராத புகாருடன் தூங்கக்கூடிய மனிதர் இல்லை அவர். சரியாகப் பத்து நாள் கழித்து, அதே பாதிச் சிரிப்புடன் வீட்டுக்கு வந்து, நூலகத்தின் இரண்டு பிரதிகளையும் மர்டோவின் கையில் கொடுத்தார். மாவட்டத்தின் பொதுத் தட்டுகளிலிருந்து 'உப்புக்கோட்டை அரசி' நீக்கப்பட்டுவிட்டது. புத்தகம் போனதால் குதிரையும் போய்விட்டது. கணினியில் 'விலங்கு அகற்றப்பட்டது' என்று குறித்துப் புகாரைத் தீர்த்தாயிற்று.

"உங்க ஒத்துழைப்புக்கு நன்றி" என்றார். "இந்த வருஷம் தொண்ணூத்தொன்பது."

எழுத்தாளரை எழுதவிடாமல் தடுத்த கவுன்சில்கள் உலகத்தில் இருக்கலாம். இந்தக் கவுன்சில் மர்டோவை எதிலும் தடுக்கவில்லை. படிக்காத ஊரிலிருந்து படிக்கப்படாத புத்தகம் எடுக்கப்பட்டது, அவ்வளவுதான். தடை செய்யப்பட்ட எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்ளலாமா என்று நோலீனிடம் கேட்டுப் பார்த்தார். கோழிக்கூடு கழுவப்படாமல் இருக்கிறது என்று பதில் வந்தது.

கூட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் தெருவில் டாங்கர் வந்து நின்றது. மீரியாமா இறங்கவில்லை, கண்ணாடியை இறக்கி, நூலகத்தில் புத்தகம் இல்லை என்கிறார்களே, என்ன செய்தீர்கள் என்று கேட்டார். மர்டோ ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடி, ஒரு பிரதியை எடுத்துவந்து நீட்டினார். மீரியாமா வாங்கிக்கொண்டு, கனத்தைக் கையால் ஒருமுறை நிறுத்துப் பார்த்து, பக்கத்து இருக்கையில் வைத்தார். தன் அக்காவுக்கு வேண்டுமாம். அக்காவும் அப்போது அழவில்லையாம்.

அடுத்த புத்தகம் எழுதுகிறீர்களா என்று கேட்டார். எழுதுவதாகவும், சண்டைகளைக் குறைத்துக்கொண்டிருப்பதாகவும் மர்டோ சொன்னார். ஒன்பதிலிருந்து நாலு.

"அதுல குதிரை இருக்கா?"

"இல்ல. ஒரு நாய் வருது."

மீரியாமா எஞ்சினை முடுக்கப் போனவர் நிறுத்தினார். "நாய்க்கு என்ன வயசு மாமா?"

மர்டோவால் பொய் சொல்ல முடியவில்லை. "பதிமூணு" என்றார்.

மீரியாமா நேராகச் சாலையைப் பார்த்தார். பிறகு கியரைப் போட்டார்.

"எந்த அத்தியாயம்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிடுங்க. அன்னைக்கு லீவு போட்டுக்கறேன்."